வெள்ளை எலிக்கு முறைமாப்பிள்ளை

கொஞ்சம் பார்த்துக் காலை வைங்க, அந்தப் பையில தேங்காய், வெத்தலை பாக்கு, பூ எல்லாம் இருக்கு. மிதிபட்டா அபசகுனமாப் போயிரும். ஆமாங்க, விசேஷம்தான். எம்மக கலாவுக்கு எங்க அண்ணன் மகன் வசந்தனைப் பேசியிருக்கு. இன்னைக்கு ஆண்டிபட்டி போயி வெத்தலை பாக்கு மாத்திட்டா பேச்சு முடிஞ்சிரும். நீங்க எது வரைக்கும்? போடியா? அப்ப நல்லதாப் போச்சு. எனக்குப் பஸ்சுன்னா ஆகாது. தலை சுத்தும். வாய் ஓய்ஞ்சாத்தான் சுத்தும், பேசிக்கிட்டே வந்தா ஒண்ணும் செய்யாது.

அந்தா, பின்னாடி கடைசிக்கு முந்தின சீட்டுல பச்சைச் சேலை கட்டி உக்காந்திருக்கால்ல, அவதான் கலா. கண்ணாடிக் கடையில வேலை. ஊருக்கெல்லாம் கண்ணு பார்த்துக் கண்ணாடி எழுதிக் குடுக்கிற இடம். எனக்கும் ஒண்ணு போட்டுவிட்டா. தூரத்துல இருக்கிறதெல்லாம் உனக்கு நல்லாத் தெரியுதும்மா, கிட்டக்க இருக்கிறதுதான் தெரிய மாட்டேங்குதுன்னா. அவ பக்கத்துல வாழைத்தாரை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவரு சொந்தமெல்லாம் இல்லைங்க. நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சி நிலையத்துல பெரிய பட்டத்துக்குப் படிக்கிறவரு. இசக்கிராஜ்னு பேரு, திருநெல்வேலிப் பக்கம். தார் தூக்க ஒரு ஆம்பளை ஆள் வேணுமே, நான்தான் வாங்க தம்பின்னு கூப்பிட்டேன். மறுபேச்சுப் பேசாம வந்துட்டாரு. மொகம்தான் காலையில இருந்து செத்துக் கிடக்கு. அவருக்கும் பஸ் ஆகாது போல.

எனக்கு அங்க என்ன வேலையா? எலி வளர்க்கிறேங்க. சிரிங்க சிரிங்க, எல்லாரும் சிரிக்கிறதுதான். விருமாயி என்ன செய்றா, எலிக்குப் பீ அள்ளுறான்னு எங்க தெருவே சிரிக்கும். ஆனா அந்த எலிக எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க? பால் மாதிரி வெள்ளை. கண்ணு சிவப்பு. அதுகளுக்கு ஏசி ரூம். என் வீட்டுல ஃபேன் இறக்கை ஒண்ணு ஒடைஞ்சு தொங்குது, அதுகளுக்கு ஏசி. உள்ள போகணும்னா தொப்பி, முகமூடி, அங்கி, கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டுத்தான் போகணும். எம்மகளை நான் பெத்தப்போ அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில இம்புட்டுச் சுத்தம் பார்க்கலை.

அந்த ரூம்ல இருந்து என்னைத் தூக்கி முயல் ரூம்ல போட்டுட்டாங்க. ஏன்னு கேளுங்க. கல்யாணம் பண்ணி வச்சேனாம். அது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்க. ஊருல எவளுக்காவது கல்யாணம் பண்ணி வச்சா கும்பிட்டுச் சோறு போடுவாங்க. இங்க பண்ணி வச்சதுக்கு முயலு.

முதல்ல இருந்தே சொல்றேன், இல்லைன்னா உங்களுக்குப் புரியாது.

வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு எனக்கு எல்லாம் காட்டிக் குடுத்தது இந்தத் தம்பிதான். வாங்கக்கா, இப்படி வாங்கக்கான்னு ஒவ்வொரு கூண்டாக் காட்டினாரு. முதல் நாள்ல இருந்தே அக்காதான். வாய்க்கு வாய் அக்கா. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. எனக்கு மேல ஒரு அண்ணன் உண்டு, கீழ யாரும் கிடையாது, அக்கான்னு யாரும் கூப்பிட்டதில்லை. பத்து நாள் கழிச்சுத் தம்பி ஒரு கூண்டுகிட்ட நின்னு, "அக்கா, இந்த ரெண்டும் வயசுக்கு வந்துட்டு. நாளைக்கு இதைச் சோடியா தனிக் கூண்டுல விட்டுருங்க"ன்னாரு.

சரின்னேன். சோடி சேர்க்கிறதுன்னா நமக்குக் கைவந்த விஷயம். எங்க சொந்தத்துல எத்தனை கல்யாணம் நான் பேசி முடிச்சிருக்கேன். "பெண்ணு எந்தக் கூண்டு, மாப்பிள்ளை எந்தக் கூண்டு தம்பி?"ன்னு கேட்டேன்.

"ரெண்டும் ஒரே கூண்டுதான்க்கா. கூடப் பிறந்தது."

எனக்குக் காது அடைச்சுப் போச்சு. "என்ன தம்பி சொல்றீங்க? அண்ணன் தங்கச்சியா?"

"ஆமாக்கா. இந்த வம்சத்துல எப்பவும் அப்படித்தான். இதோட அம்மா அப்பாவும் அண்ணன் தங்கச்சி. தாத்தா பாட்டியும் அப்படித்தான். அப்பத்தான் எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். நோயும் தவறாம வரும்."

"நோய் வரணும்னா வளர்க்கிறீங்க?"

"அதுக்குத்தான்க்கா வளர்க்கோம்"ன்னு பொறுமையா விளக்கினாரு. நம்ம உடம்புக்குள்ள காவலுக்கு நாய் மாதிரி சில அணுக்கள் இருக்காம். வெளியில இருந்து கிருமி வந்தா அது கடிச்சு விரட்டிரும். சில உடம்புல அந்த நாய்க்குப் பித்துப் பிடிச்சு வீட்டு ஆளையே கடிக்குமாம். இந்த எலிகளுக்கு அது வயித்துக்குள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்துற இடத்தைப் போயிக் கடிக்குது. அதனால எலிக்குச் சர்க்கரை வியாதி வருது. எந்த எலிக்கு வருது, ஏன் வருது, ரத்தத்துல பிறக்கும்போதே என்ன இருக்கிறதால வருதுன்னு கண்டுபிடிச்சா மனுசப் பிள்ளைகளுக்கு உதவும். இது அவரு சொன்னது. எனக்கு இந்த நாய்க்கதையெல்லாம் மண்டையில நிக்கலை. அண்ணன் தங்கச்சி, அண்ணன் தங்கச்சின்னு அதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

வீட்டுக்குப் போயிச் சோறு இறங்கலைங்க. அந்தப் பெண் எலிக்கு நான் ஏற்கனவே செல்லாயின்னு பேரு வச்சிருந்தேன். என் கையில ஏறி உக்காந்து மீசையைத் துடைச்சுக்கும். அதைக் கொண்டுபோயி நாளைக்கு அதோட அண்ணன்கூட விடணும். இந்தப் பாவத்தை நான் பண்ணினா எந்தக் கோயில்ல போயிக் கழுவுறது?

செக்கானூரணி வந்துருச்சு. இறங்குறவங்களுக்குக் கொஞ்சம் வழி விடுங்க. இந்தாங்க, சன்னலோரமா வாங்க.

அப்புறம் யோசிச்சேன். முறை இல்லைன்னா முறையைத் தேடணும். எதிர் ரூம்லயும் எலி இருக்கு. அதுகளும் வெள்ளைதான், கண்ணும் சிவப்புதான். பார்த்தா வித்தியாசமே தெரியாது. அதுக நோயே வராத வம்சம், ஒப்புப் பார்க்க வச்சிருக்கோம்னு தம்பி சொல்லியிருந்தாரு. நான் கணக்குப் போட்டேன். இந்த ரூம் எலியெல்லாம் ஒரே வயித்து வழி, ஆக எல்லாம் பங்காளி. பங்காளிக்குள்ள கட்ட முடியாது. எதிர் ரூம் எலி வேற வழி. பங்காளி இல்லாதவன் யாரு? மாமன் மச்சான். எங்க ஊருல அதுதான் கணக்கு. அப்ப எதிர் ரூம் ஆண் எலி செல்லாயிக்கு மாமன் மகன் ஆகுதுல்ல? அதைவிட உரிமை யாருக்கு இருக்கு?

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல செல்லாயியோட அண்ணனை எடுத்து எதிர் ரூம்ல விட்டேன். அங்க இருந்து ஒரு நல்ல வாட்டசாட்டமான மாப்பிள்ளையைக் கொண்டாந்து செல்லாயி கூண்டுல விட்டேன். பெண்ணு எடுத்தா பெண்ணு குடுக்கணும்ல, அதனால அந்த ரூம் பெண்ணுக்குச் செல்லாயி அண்ணன் மாப்பிள்ளை. ரெண்டு குடும்பத்துக்கும் குறையில்லை. எந்த வம்சம்னு எழுதிக் கூண்டுல மாட்டியிருந்த சீட்டு அது பாட்டுக்குத் தொங்கிச்சு, எலி கல்யாணத்துக்குச் சீட்டு எதுக்கு?

ஒண்ணோட நிறுத்த முடியுமாங்க? செல்லாயிக்கு ஒரு நியாயம், மத்ததுக்கு ஒரு நியாயமா? சோடி சேர்க்கச் சொன்ன எல்லாத்துக்கும் இப்படியே முறை பார்த்துக் கட்டி வச்சேன். சும்மா கட்டி வைக்கலை. வீட்டுக்காரரு போன பிறகும் நான் நெத்தியில வைக்கிறது மீனாட்சியம்மன் கோயில் குங்குமம், அது என் முந்தானையில எப்பவும் முடிஞ்சிருக்கும். அதுல ஒரு துளி எடுத்துப் பெண்ணு நெத்தியில வச்சு, நல்லா இருத்தான்னு சொல்லித்தான் கூண்டை மூடினேன். வெறும் நெத்தியோட ஒரு பெண்ணை எப்படி அனுப்புறது?

அம்மன் புண்ணியத்துல எல்லாம் கொழுகொழுன்னு குட்டி போட்டுச்சு. குட்டியெல்லாம் வளர்ந்துச்சு. நோய் வர்ற வயசு வந்துச்சு. நோய் மட்டும் வரலை.

எனக்குச் சந்தோசம் தாங்கலை. அந்தச் சந்தோசத்துல அழிஞ்சு போன குங்குமத்தை அப்பப்ப திரும்ப வச்சுவிட்டேன். தம்பிக்கோ சோறு தண்ணி இறங்கலை. வாரா வாரம் எலி வாலுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பாரு. பார்த்துட்டுத் தலையில கையை வச்சு உக்காருவாரு. ஒருத்தருக்கும் சர்க்கரை இல்லைன்னு வருத்தப்படுற ஆளை நான் அங்கதான் பார்த்தேன். தீவனம் சரியில்லைன்னாரு, தீவனத்தை மாத்தினாங்க. தண்ணி சரியில்லைன்னாரு, தண்ணியை மாத்தினாங்க. ஏசிக்காரனை வரவச்சாங்க. அவன் வந்து ஏசியைப் பார்த்துட்டு எலியையும் பார்த்துட்டு, எலி நல்லாத்தானே சார் இருக்கு, என்ன பிரச்சினைன்னு கேட்டான். அதுதான்யா பிரச்சினைன்னாரு தம்பி.

அந்தச் சமயத்துலதான் சனிக்கிழமை சனிக்கிழமை கலா எனக்குச் சோறு கொண்டாருவா. அவளுக்குச் சனிக்கிழமை அரைநாள். தம்பியும் ஒட்டிப்போன வயித்தோட வாசல் படியில உக்காந்திருப்பாரு. அவருக்கும் ஒரு டப்பா கொண்டாந்து குடுடின்னு நான்தான் சொன்னேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்கல்ல, அந்த எண்ணத்துல சொன்னேன். அவளும் தட்டாம கொண்டாந்தா. அவ குணம் அப்படி. பிறகு எனக்குக் கொண்டாற மறந்தாலும் அவருக்குக் கொண்டாற மறக்க மாட்டா.

ஒருநாள் கலா அவருகிட்ட, எங்கம்மாவை அக்கான்னு கூப்பிடாதீங்க, அத்தைன்னு கூப்பிடுங்கன்னா. பாருங்க, என்ன மரியாதை தெரிஞ்ச பிள்ளை. பெத்தவளுக்கு வயசாச்சு, அத்தைன்னு சொன்னா இன்னும் கௌரவமா இருக்கும்னு அவளுக்கு எண்ணம். தம்பிக்கு வாயில வரலை. அ... அ...ன்னு திக்கிட்டு, மறுபடி அக்காதான். எனக்கும் அதுதான் பிடிச்சிருக்குன்னு நான் சொல்லிப்புட்டேன். கலா முகத்தைத் திருப்பிக்கிட்டா.

கதைக்கு வர்றேன். சர்க்கரை வரலை, தம்பி படிப்பு போச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தப்போ ஒருநாள் தம்பி கத்திக்கிட்டு ஓடினாரு. பெண் எலி நெத்தியில சிவப்பாப் புள்ளி வந்திருக்குன்னு. டாக்டரம்மா வந்துட்டாங்க. ரேணுகாதேவின்னு பேரு, தம்பிக்கு அவங்கதான் தலைமை. அந்த நாய் இடம் மாறித் தோலைக் கடிக்க ஆரம்பிச்சிருச்சு போலன்னு அவங்க சொன்னாங்க. போட்டோ எடுத்தாங்க. ஏன் பெண் எலிக்கு மட்டும் வருதுன்னு ஒரு பேச்சு. அதுலயும் சோடி சேர்த்த பெண்ணுக்கு மட்டும் வருது, சோடி சேர்க்காததுக்கு வரலையேன்னு ஒரு பேச்சு. ஹார்மோனா இருக்கும்னாங்க. வெளிநாட்டுல இருக்கிற ஒரு பெரிய ஆளுக்குப் படத்தை அனுப்பினாங்க. என் அனுபவத்துல இப்படி ஒரு நோயைப் பார்த்ததே இல்லைன்னு அவரு பதில் போட்டாராம். பார்த்திருக்க மாட்டாரு.

நான் கூண்டு கழுவிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். நெத்தியில புது நோய்ன்னதும் எனக்கும் பக்குன்னு ஆயிருச்சு. அய்யோ, பிள்ளைகளுக்கு என்னமோ வந்துருச்சு, அம்மன்தான் காப்பாத்தணும்னு மறுநாள் எல்லாத்துக்கும் கொஞ்சம் கூடவே குங்குமம் வச்சேன்.

நோய் பரவுதுன்னு டாக்டரம்மா அவசரக் கூட்டம் போட்டாங்க.

சிரிக்காதீங்கங்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்? அவங்க சொன்ன புள்ளி வேற, நான் வச்ச குங்குமம் வேறன்னுதான் நினைச்சேன். படிச்சவங்களுக்குக் குங்குமம் தெரியாமலா இருக்கும்?

அன்னைக்கு டாக்டரம்மா செல்லாயியை மேசையில வச்சு, ஈரப் பஞ்சால நெத்தியைத் துடைச்சாங்க. பஞ்சு சிவந்துச்சு. எலி நெத்தி வெள்ளையாயிருச்சு. அம்மா பஞ்சைப் பார்த்தாங்க. முகமூடியைக் கீழ இறக்கி மோந்து பார்த்தாங்க. அப்புறம் மெதுவாத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாங்க. நான் தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டி நிக்கிறேன், வெளியில தெரியிறது கண்ணும் நெத்தியும் மட்டும்தான்.

"விருமாயி, இங்க வா"ன்னாங்க. போனேன். இன்னொரு பஞ்சை எடுத்து என் நெத்தியைத் துடைச்சாங்க. ரெண்டு பஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க.

"எலிக்கு எதுக்கும்மா குங்குமம் வச்ச?"

"கல்யாணத்துக்குங்கம்மா."

"யாருக்குக் கல்யாணம்?"

எல்லாத்தையும் சொன்னேன். மறைக்க என்ன இருக்கு? முறை பார்த்ததைச் சொன்னேன், பங்காளிக் கணக்கைச் சொன்னேன், எதிர் ரூம் மாப்பிள்ளைகளைப் பத்திச் சொன்னேன். நல்லபடியா குடும்பம் நடத்துதுங்கம்மா, ஒரு சண்டை சச்சரவு இல்லைன்னேன். டாக்டரம்மா அங்க கவுத்திப் போட்டிருந்த வாளி மேல உக்காந்துட்டாங்க. அப்புறம், "ரெண்டு ரூமுமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. ரெண்டு ரூமும்தான்னேன். இந்தத் தம்பி சுவத்துல சாஞ்சுக்கிட்டு, "எதுக்குக்கா இப்படிப் பண்ணிட்டிய?"ன்னாரு. அவ்வளவுதான் அவரு சொன்னது. திட்டலை. திட்டியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அப்பத்தான் அம்மா சொன்னாங்க. நோய் வர்ற வம்சம் தனியா, வராத வம்சம் தனியா அத்தனை தலைமுறையாக் கட்டிக்காத்து வச்சிருந்தோம். நீ வெளி ரத்தத்தைக் கலந்துட்ட. பாதி அங்க இருந்து வந்துட்டா நோய்க்கு வேண்டியது முழுசாச் சேராது. அதனாலதான் ஒண்ணுக்கும் வரலைன்னாங்க. அப்ப நல்லதுதானங்கம்மா செஞ்சிருக்கேன், நோயே வரலையேன்னு கேட்டேன். அம்மா வாளியை விட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. சாயங்காலம் என்னை முயல் ரூமுக்குப் போகச் சொல்லிட்டாங்க. வேலையை விட்டு அனுப்பாததே பெருசுன்னு எல்லாரும் சொன்னாங்க.

எனக்கு முயலைப் பத்திக் கவலையில்லைங்க. அன்னைக்குத் தம்பி வாசல் படியில உக்காந்து அழுதாரு. அதுதான் எனக்குத் தாங்கலை. அவங்க அப்பா உப்பளத்துல வேலை பார்த்துப் படிக்க வச்சவராம். இப்ப புது எலி வரவச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், ஊருல என்ன சொல்றதுன்னு அழுதாரு. வாங்க தம்பி, வயித்துக்குப் போடாம அழுதா அழுகை நிக்காதுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். கலா அயிரை மீன் குழம்பு வச்சா. சமையக்கட்டுப் பக்கமே வராத பிள்ளை, அவர் அழுறாருன்னதும் அயிரை மீன் வாங்க அவளே ஓடினா. அவளுக்கு என்னை மாதிரி இளகின மனசு.

அதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா தம்பி வந்துருவாரு. எனக்குப் புரியிற மாதிரி எலி விஷயத்தை விளக்கணுமாம். நான் பாதியில தூங்கிருவேன். எந்திரிச்சுப் பார்த்தா கலாவுக்கு விளக்கிக்கிட்டு இருப்பாரு. என்ன பொறுமைங்கிறீங்க.

உசிலம்பட்டி வந்தாச்சு. வெள்ளரிக்காய் வேணுமா? ஏத்தா, ரெண்டு குடு. பின்னாடி அந்தப் பிள்ளைக ரெண்டுக்கும் குடு. காசு இங்க வாங்கிக்க.

எங்க விட்டேன்? ஞாயித்துக்கிழமை. ஒருநாள் நான் காலையில வெறும் வயித்துல மாத்திரை போடுறதைத் தம்பி பார்த்துட்டாரு. தைராய்டு. கழுத்துல இருக்கே, அது. எங்கம்மாவுக்குக் கை மூட்டெல்லாம் வீங்கி மடங்கிப் போயிருச்சு. சின்னம்மாவுக்கு உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி. எல்லாம் கண்ணேறுதான், எங்க குடும்பத்து மேல ஊருக்கு அப்படி ஒரு கண்ணு. தம்பி அதைக் கேட்டுட்டு, உங்க வீட்டுல யாரு யாரைக் கட்டியிருக்காங்கக்கான்னு கேட்டாரு. நான் சொல்லச் சொல்ல ஒரு தாள்ல கோடு போட்டாரு. அம்மாவுக்கு அப்பா அத்தை மகன். எனக்கு எங்க வீட்டுக்காரரு மாமன் மகன். அம்மாச்சிக்குத் தாத்தா தாய்மாமன். கோடு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக் கடைசியில சிக்குக் கோலமா ஆயிருச்சு. கலா விழுந்து விழுந்து சிரிச்சா. இதுவும் வீட்டு நாய் கடிச்ச கதைதானான்னு கேட்டா. இருக்கலாம், இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாரு தம்பி. நம்ம சனத்தைக் குறை சொல்லாதீங்கன்னு நான் கோவிச்சுக்கிட்டேன்.

அவரு படிப்பா? அது தப்பிச்சிருச்சுங்க. புது எலியும் வந்துச்சு. பழசுல நான் கட்டி வச்ச சோடிகளோட பேரன் பேத்திகள்ல சிலதுக்கு மட்டும் நோய் வந்துச்சாம். எதுக்கு வருது, எதுக்கு வரலைன்னு ரத்தத்தை ஒப்புப் பார்த்தா ஒரு சின்ன விஷயம் பிடிபட்டுச்சுன்னாரு. அப்ப என்னாலதான உங்களுக்குப் பட்டம்னேன். டாக்டரம்மா அந்தப் பக்கமா வந்தாங்க. இப்படிக் கலக்குறதை வேணும்னே செய்றவங்களும் உண்டு விருமாயி, அவங்க எழுதி வச்சுட்டுச் செய்வாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இன்னும் முயல் ரூம்தான். அதுதான் எனக்கு ஆத்தாமை.

கலா விஷயமா? கலாவுக்கு என்ன. போன வாரம்தான் அண்ணன் போன் போட்டு, நாள் நல்லா இருக்கு, வெத்தலை பாக்கு மாத்திக்கிருவோம்னாரு. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரரு போனப்போ கலா கைக்குழந்தை. அண்ணன்தான் ராத்திரியோட ராத்திரியா எங்களைக் கூட்டிட்டுப் போயித் தன் வீட்டுல வச்சுக்கிட்டாரு. நான் மதுரைக்கு வேலைக்கு வர்ற வரைக்கும் அவரு சோறுதான். அன்னைக்கே சொல்லிட்டேன், எம்மக உன் மகனுக்குத்தான்னு. அந்த நன்றியை வேற எதுல காட்டுறது?

கலாகிட்டச் சொன்னேன். குதிச்சுட்டா. வசந்தனையா? ஒரே தட்டுல சாப்பிட்டு, ஒரே பாயில படுத்து வளர்ந்தோம், எனக்கு அவன் அண்ணன் மாதிரிம்மான்னா. மாதிரிதானே, அண்ணன் இல்லையே, மாமன் மகன்தானேன்னேன். எலிக்குப் பார்த்த நியாயத்தைப் பெத்த மகளுக்குப் பார்க்க மாட்டியான்னு கேட்டுட்டா. வாயை மூடுடின்னு ஒரு அதட்டு அதட்டினேன். அதுல இருந்து பேசுறதில்லை. வசந்தன் வேற போன் போட்டு, அத்தை, கலா என்ன சொல்றா, அவளை நல்லா யோசிக்கச் சொல்லுங்கன்னான். மூணு தடவை போட்டான். கல்யாண வெக்கம்.

அந்தப் பயலுக்கு இவ மேல எம்புட்டுப் பாசம் தெரியுமா? உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பள்ளிக்கூடத்துல எவனோ இவ சடையைப் பிடிச்சு இழுத்துட்டான். வசந்தன் அவன் மேல பாய்ஞ்சு மண்டையை உடைச்சுட்டான். வாத்தியாரு என்னைக் கூப்பிட்டு விட்டாரு. போயிப் பார்க்கிறேன், சட்டையெல்லாம் கிழிஞ்சு நிக்கிறான், ஏன்டா அடிச்சன்னு கேட்டா, "என் தங்கச்சி மேல எவனாவது கை வச்சா..."

என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க?

தங்கச்சின்னுதான் சொன்னான். சின்னப் பிள்ளையில சொன்னது.

இல்ல, இப்பவும் அப்படித்தான். போன தீபாவளிக்குக்கூட இவளுக்குச் சேலை எடுத்து அனுப்பினான். மேல பேரு எழுதியிருந்தான். தங்கச்சி கலாவுக்குன்னு. நான்தான் கிறுக்குப் பயலேன்னு சிரிச்சேன்.

கணவாய் ஏறுது வண்டி. காத்து நல்லா வருது. இதைத் தாண்டினா ஆண்டிபட்டி.

செல்லாயியும் அப்படித்தாங்க இருந்துச்சு. அவங்க அண்ணனும் அதுவும் ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு தலை வச்சுத் தூங்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு மனசு கேட்கலை. ஒரே கூண்டுல வளர்ந்ததைக் கொண்டுபோயி... வாயில்லாச் சீவன், எனக்கு வேணாம்னு சொல்லத் தெரியாதேன்னு நினைச்சேன். எம்மகளுக்கு வாய் இருக்கு. சொன்னா. நான் அதட்டிட்டேன்.

அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க.

நீங்க என்ன கேட்டீங்க? அந்தத் தம்பி அவளுக்கு என்ன வேணும்னா? அவரு ஒண்ணும் வேணாமே, தார் தூக்க வந்தவரு. இருங்க, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்க்கிறேன். எனக்கு இதைப் போட்டா தூரம் மங்கும்.

தூங்குறா. அவரு தோள்ல சாஞ்சு தூங்குறா. கன்னமெல்லாம் ஈரமா இருக்கு. அந்தப் பிள்ளை ஒரு கையில வாழைத்தாரைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கையால அவ தலை கம்பியில இடிச்சுராமப் பிடிச்சிருக்கு. ஆடாம அசையாம உக்காந்திருக்கு.

அயிரை மீன் குழம்பு. ஞாயித்துக்கிழமை. அத்தைன்னு கூப்பிடச் சொன்னது. ஆத்தாடி, நான் எம்புட்டுப் பெரிய மடச்சி. அவ கல்யாணத்துக்கு அவரையே வாழைத்தார் தூக்கக் கூப்பிட்டிருக்கேன். அந்தப் பிள்ளையும் வந்திருக்கே.

எல்லாம் தெரிஞ்சு என்னங்க செய்ய? வேற ஊரு, வேற ஆளுக. அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? என்ன முறைன்னு கேட்பாரே. மதினி கேட்பா. ஊரே கேட்கும். நான் என்ன பதில் சொல்லுவேன்?

முறை.

ஏங்க, ஒண்ணு கேட்கிறேன், நியாயமாச் சொல்லுங்க. அந்தப் பிள்ளை என்னை வந்த நாள்ல இருந்து எப்படிக் கூப்பிடுது? அக்கா. நான் அவரை எப்படிக் கூப்பிடுறேன்? தம்பி. ஒரு நாள் மாறினதில்லை. அத்தைன்னு கூப்பிடுன்னு அவளே சொல்லியும் மாறலை. அப்ப என் தம்பி எம்மகளுக்கு யாரு?

தாய்மாமன்.

தாய்மாமனுக்கு மேல உரிமை யாருக்கு இருக்கு? அண்ணன் மகனே அடுத்ததுதான். எங்கம்மாச்சியே தாய்மாமனைக் கட்டினவதான். எதிர் ரூம் எலிக்கு நானே முறை போட்டுக் கட்டி வச்சேன், எந்த எலி வந்து எதிர்க் கேள்வி கேட்டுச்சு? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நான் ஒரு பொய்யும் சொல்லலையே. அண்ணன்கிட்ட நேராச் சொல்லுவேன். அண்ணே, உன் மகன் எம்மகளைத் தங்கச்சிங்கிறான், கூப்பிட்டுக் கேளு. உனக்குக் குடுத்த வாக்கை மீறுறேன், உன் காலுல விழுறேன். ஆனா என் தம்பிக்குத்தான் எம்மகளைக் குடுக்கிறேன். உனக்கு எங்கிருந்துடி தம்பி வந்தான்னு கேட்பாரு. எலி ரூம்ல கிடைச்சான்னு சொல்லுவேன்.

அடிப்பாரோ என்னவோ. அடிச்சா வாங்கிக்கிறேன். வசந்தன் தடுக்க வருவான், அவன் முதல்ல கும்பிடுவான் எனக்கு.

ஆண்டிபட்டி வந்துருச்சு. விசில் குடுத்துட்டாரு. கலா, எந்திரித்தா, ஊரு வந்துருச்சு. முகத்தைத் துடை. ஒண்ணுமில்லை, நான் கோவமா இல்லை. முந்தானையில குங்குமம் வச்சிருக்கேன், இரு, நெத்தி வெறுமையா இருக்கு பாரு.

போயிட்டு வர்றேங்க. அந்த வெத்தலைப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க.

ஏ தம்பி. தாரைக் கீழ வைங்க. வைங்கங்கிறேன்ல. நீங்க தூக்கக் கூடாது, நான் தூக்கிட்டு வர்றேன். மாப்பிள்ளை தார் சுமக்கிற வழக்கம் எங்க ஊருல இல்லை.